எண்ணோடு சேர்த்து, கேட்ட கேள்வியையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பை தாராவியிலிருந்து எழுதுகிறேன். பகலில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை. இரவு 7 மணிக்கு மேல் எங்கள் சாலில் (வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பில்) ஒரு அறையில் 11, 12-ஆம் வகுப்பு காமர்ஸ் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லித்தருகிறேன். எல்லாரும் நம் பிள்ளைகள்தான், திருநெல்வேலி, தூத்துக்குடி, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். பள்ளியில் இங்கிலீஷிலோ மராத்தியிலோ படித்துவிட்டு வந்து, "தமிழ்ல சொல்லுங்க மிஸ், அப்பத்தான் மண்டையில ஏறுது" என்பார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே உங்கள் நாளிதழை வாங்கி வகுப்பில் போடுகிறேன். அதனால் பொருளாதாரம் பற்றி உங்கள் பக்கங்களில் எது வந்தாலும் அன்றைக்கு அதுதான் எங்களுக்குப் பாடம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் இரண்டு விஷயங்கள் வந்திருந்தன. ஒன்று, நாட்டில் வேலைக்கு வரும் பெண்கள் கூடிவிட்டார்கள் என்ற செய்தி. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18-ல் 100-க்கு 23.3 பேர், 2023-24-ல் 41.7 பேர். எண்கள் சரியானவை. ஆனால் செய்தி அதோடு முடிந்துவிட்டது. இன்னொன்று மாணவர் வழிகாட்டிப் பக்கம், அதில் பொருளியலுக்கு வரையறைகளின் பட்டியல், தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொள்ளும்படி. இரண்டையும் படித்து முடித்தபோது எனக்கு ஒரே குறைதான் பட்டது. "இது எப்படித் தெரிந்தது?" என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமே இல்லை.

வரையறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லயனல் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1932-ல் சொன்னது இன்றைக்கும் நல்ல தொடக்கம்தான்: ஆசைகள் பல, அவற்றை நிறைவேற்றும் வழிகள் கொஞ்சம், அந்த வழிகளையோ வேறு வேறு காரியங்களுக்கும் பயன்படுத்தலாம், அதனால் ஒன்றை விட்டுத்தான் ஒன்றை எடுக்க முடியும். பிள்ளைகள் இதை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். சரி, உங்கள் வீட்டில் எது பற்றாக்குறை என்று கேட்டால் பணம் என்பார்கள். எங்கள் பகுதியில் பணத்துக்கு முன்பே தட்டுப்பாடாக இருப்பது இடமும், குழாயில் தண்ணீர் வரும் நேரமும். தண்ணீர் பிடிக்க வீட்டில் யார் நிற்பது என்று தினமும் ஒரு முடிவு எடுக்கிறார்கள், பெரும்பாலும் அது பெண்பிள்ளையாக இருக்கிறது. குடத்துத் தண்ணீருக்காக அவள் விட்டுக்கொடுத்த பள்ளியின் முதல் பீரியட்தான் அந்தத் தண்ணீரின் வாய்ப்புச் செலவு. இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அந்த வரையறையை அவளுக்கு மறக்கவே மறக்காது.

போன வருடம் தேவை விதி நடத்தும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இட்லிக்காரர்களைப் பார்த்து வரச் சொன்னேன். தாராவியில் நம் ஆட்கள் நடுராத்திரி தாண்டியதும் எழுந்து இட்லி ஊற்றத் தொடங்குவதும், விடியும்போது பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரம் முழுக்கக் கிளம்புவதும் மும்பையில் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. ஒரு மாணவியின் தெருவில் இருக்கும் அண்ணாச்சி ஒரு ரயில் நிலைய வாசலில் விற்பவர். உளுந்து விலை ஏறியதால் தட்டுக்கு 5 ரூபாய் கூட்டினார். அவள் விலை ஏறும் முன் ஒரு வாரம், ஏறிய பின் ஒரு வாரம் அவரோடு நின்று தட்டுகளை எண்ணினாள். விற்பனை நன்றாகவே குறைந்திருந்தது. "விலை கூடினால் தேவை குறையும் என்பது நிரூபிக்கப்பட்டது" என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு வந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் இருந்த பையன் எழுந்து, "அது நவராத்திரி வாரம்ல?" என்றான்.

அந்த நிலையத்தில் இறங்குபவர்களில் குஜராத்திகளும் மராத்திகளும் அதிகம், ஒன்பது நாளும் உபவாசம் இருப்பவர்கள் அரிசிப் பண்டத்தைத் தொட மாட்டார்கள். இன்னொருத்தி, "ஞாயித்துக்கிழமை மெகா பிளாக் வேற இருந்துச்சு, ரயிலே பாதிதான் வந்துச்சு" என்றாள். சிவப்பு மை போட்ட பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கோ அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷம் இந்தப் பத்து வருடத்தில் ஏற்பட்டதில்லை. "பிற நிலைமைகள் மாறாதிருக்கும்போது" என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்து எல்லாப் பொருளியல் புத்தகங்களிலும் வரும் வாசகம், அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். தெருவில் பிற நிலைமைகள் ஒரு நாளும் மாறாமல் இருப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் வெப்பத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கலாம், நவராத்திரியைப் பிடித்து வைக்க முடியாது. பொருளியலில் பாதி உழைப்பு இந்தச் சங்கடத்தைச் சமாளிப்பதற்கே போகிறது. இதைச் சொல்லாமல் வெறும் விதியை மட்டும் கொடுத்தால் பிள்ளைக்குப் பாதிப் பொருளியல்கூடப் போய்ச் சேராது.

சரி, எப்படிச் சமாளிப்பது? விலை கூட்டாத இன்னொரு இட்லிக்காரரையும் எண்ணலாம் என்றார்கள். நவராத்திரியும் மெகா பிளாக்கும் இரண்டு பேருக்கும் பொது, ஆக அவருக்குக் குறைந்ததை இவருக்குக் குறைந்ததிலிருந்து கழித்தால் மிச்சம் விலையால் வந்த குறைவு. அருமை. ஆனால் அதே வாசலில் நிற்கும் இன்னொருவரை எடுத்தால், அண்ணாச்சியிடம் 5 ரூபாய் அதிகம் என்று விலகுகிற ஆள் நேரே அவரிடம்தானே போவார்? அப்போது ஒரே ஆளை இரண்டு பக்கமும் எண்ணுகிறோம், வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆகவே வேறு நிலையம், ஆனால் அதே மாதிரிக் கூட்டம் வருகிற நிலையம் வேண்டும். அப்படி ஒன்றைத் தேடுவதற்கே ஒரு வாரம் ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது விலையால் வந்த குறைவு, முதலில் நினைத்ததைவிட மிகச் சின்னதாக இருந்தது. இரண்டு பேரை இரண்டு வாரம் எண்ணியதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதையும் அதே நோட்டில் எழுத வைத்தேன்.

அமெரிக்காவில் டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்தது அடிப்படையில் இதே வேலைதான். 1992 ஏப்ரலில் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியாவில் உயர்த்தவில்லை. எல்லைக்கு இருபுறமும் 410 துரித உணவுக் கடைகளை, கூலி உயரும் முன் ஒரு முறையும் உயர்ந்த பின் ஒரு முறையும் விசாரித்தார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்பது புத்தகம் சொல்லும் பாடம், இவர்களுக்கு அப்படி ஒரு குறைவு தென்படவில்லை. 1994-ல் வெளியிட்டபோது பெரிய சண்டையே நடந்தது. வேறு இருவர் அதே கேள்விக்குக் கடைகளின் சம்பளப் பதிவேடுகளை வாங்கிப் பார்த்து, இல்லை, வேலை குறைந்தது என்றார்கள். கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் குறைந்தபட்சக் கூலியைப் பற்றிய வாதம் ஓயவில்லை. இந்த வாதத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். "பொருளியல் அறிஞர்களே ஒத்துப்போகவில்லையே, அப்புறம் நாங்கள் எதை எழுதுவது?" என்று கேட்கிறார்கள். எதை எண்ணினார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று எழுதுங்கள் என்பேன்.

அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டாம் முறை போனபோது மூடிக் கிடந்த கடைகளை அவர்கள் விட்டுவிடவில்லை, அங்கே வேலையாட்கள் பூஜ்யம் என்று கணக்கில் சேர்த்தார்கள். என் மாணவன் ஒருவன் பல இட்லிக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்து, "இந்தத் தொழில்ல யாருக்குமே நஷ்டம் இல்ல மிஸ்" என்றான். நஷ்டப்பட்டவர்கள் சைக்கிளை விற்றுவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள், அல்லது எங்கோ ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். காலை 6 மணிக்கு நிலைய வாசலில் அவர்களை எப்படிப் பார்க்க முடியும்? சின்னத் தொழிலில் ஜெயித்தவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கட்டுரைகளைப் படிக்கும்போதும் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். லாபம் என்ற பாடத்துக்காக அதே அண்ணாச்சியிடம் பிள்ளைகள் வரவு செலவு கேட்டார்கள். அரிசி, உளுந்து, தேங்காய், சிலிண்டர், கரண்ட், சைக்கிள் ரிப்பேர் எல்லாம் சொன்னார். விற்ற பணத்தில் இதைக் கழித்து மிச்சம் லாபம் என்றார். ஒரு மாணவி, "அக்கா கூலி எங்க?" என்று கேட்டாள். அவர் மனைவி நடுராத்திரி தாண்டி எழுந்து ஊற்றத் தொடங்கி விடியும்வரை நிற்கிறார், அப்புறம் சட்னி அரைக்கிறார், சாயங்காலம் மறுபடி ஊறப்போடுகிறார், ஆட்டுகிறார். அண்ணாச்சிக்குக் கேள்வியே புரியவில்லை. "அது வீட்டு வேலைதான பாப்பா" என்றார். கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். அந்த அக்காவிடம் போய்க் கேட்டார்கள். இது இல்லாவிட்டால் மாட்டுங்காவில் நாலு வீட்டில் சமையல் வேலை கிடைக்கும், முன்பு பார்த்துக்கொண்டிருந்ததுதான் என்றார். அந்தச் சம்பளத்தைப் பிள்ளைகள் செலவுப் பக்கத்தில் எழுதினார்கள். அண்ணாச்சிக்கும் வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கூலியை எழுதினார்கள். லாபம் என்று முதலில் எழுதியிருந்ததில் பெரும்பகுதி கரைந்துபோனது. கணக்கர் சொல்லும் லாபத்துக்கும் பொருளியல் சொல்லும் லாபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கரும்பலகையில் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இப்போது உங்கள் செய்திக்குத் திரும்புகிறேன். அந்த 41.7-க்குள் இந்த அக்காவும் இருக்கிறார். தொழிலாளர் கணக்கெடுப்பில் குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் உதவுகிறவர் என்று ஒரு தனி வகையே உண்டு, அவர்களும் வேலையில் இருப்பவர்களாகவே எண்ணப்படுகிறார்கள். அது நியாயமும்கூட, அவர் உழைப்பை வேலை இல்லை என்று யார் சொல்ல முடியும்? வருடம் முழுக்க வேலை செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, 365 நாளில் குறைந்தது 30 நாள் ஒரு பொருளாதார வேலை பார்த்திருந்தால் போதும், துணை வேலையாகக் கணக்கில் வந்துவிடும். ஆனால் செய்தியில் "வேலைக்குப் போகும் பெண்கள்" என்று படிக்கும் வாசகர் மனத்தில் வருவது யார்? டிபன் பாக்ஸோடு ரயிலேறும் பெண். மாதம் முடிந்தால் கையில் சம்பளம் வாங்கும் பெண். அந்த அக்காவின் கையில் அப்படி எதுவும் வருவதில்லை. இன்னொன்றையும் பாருங்கள். அதே கிரைண்டரில் விற்பனைக்கு மாவாட்டினால் அவர் தொழிலாளர், தன் பிள்ளைகளுக்கு மட்டும் ஆட்டினால் தொழிலாளர் இல்லை. கணக்கெடுப்பு அப்படி ஒரு கோடு போட்டிருக்கிறது, எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று செய்தி சொல்ல வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இரண்டு வருடங்களிலும் கோடு ஒரே இடத்தில்தான் இருந்தது, ஆகவே கூடியது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எப்படிப்பட்ட வேலை கூடியது என்பதே செய்தியின் உயிர், அதை விட்டுவிட்டீர்கள்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். நம் நாட்டு வறுமைக் கணக்கே ஒரு முறை இதில் சிக்கிக்கொண்டது. 1950-ல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தொடங்கி வைத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், குடும்பம் என்ன சாப்பிட்டது என்பதைப் பல காலமாகக் கடைசி 30 நாளுக்குக் கேட்டு வந்தார்கள். 1999-2000-ல் அதே குடும்பத்திடம் அதே பொருளுக்குக் கடைசி 7 நாளுக்கும் 30 நாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள். 7 நாளுக்குக் கேட்டால் செலவு கூடுதலாக வரும், அந்தப் பதிலைச் சொன்னவர் 30 நாள் பதிலையும் அதற்கு ஏற்றாற்போலத்தானே சொல்வார்? செலவு கூடுதலாகத் தெரிந்தால் வறுமை குறைந்ததாகத் தெரியும். 1993-94-ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகிவிட்டது என்று கணக்கு வந்தபோது, எவ்வளவு நிஜமாகக் குறைந்தது, எவ்வளவு கேள்வித்தாளால் குறைந்தது என்று பொருளியலாளர்கள் வருடக்கணக்கில் வாதம் செய்தார்கள். அண்ணாச்சியிடமும் இதைப் பார்த்தோம். "மாசம் எவ்வளவு நிக்கும்?" என்றால் முழு எண்ணாக ஒன்று சொல்வார், தினமும் நோட்டில் எழுதச் சொன்னபோது கூட்டுத்தொகை அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 2022-23 நுகர்வுக் கணக்கெடுப்பில் கேள்விகளை மூன்று பகுதியாகப் பிரித்து ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள். அதில் கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 46 சதவீதம் என்று வந்தது, 1999-2000-ல் அது 59 சதவீதம். வருமானம் கூடக்கூட உணவின் பங்கு குறையும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எங்கல் 1857-லேயே சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. ஆனாலும் நடுவில் கேட்கும் முறை மாறியதையும் ஒரு வரி சொல்லத்தான் வேண்டும்.

இதெல்லாம் பெரிய படிப்பு, பள்ளிப் பிள்ளைக்கு எதற்கு என்று உங்கள் ஆசிரியர் குழுவில் யாராவது நினைக்கலாம். நம் மண்ணில் இது மாணவர்களாலேயே நடந்திருக்கிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்ததும், 1916-ல் மாணவர்களைக் கேள்விகளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதினார்கள். அந்தக் கிராமங்களில் இருவேல்பட்டு உண்டு, வடமலைபுரம் உண்டு, என் அம்மா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கங்கைகொண்டானும் உண்டு. 1930-களில் மறுபடி அதே ஊர்களுக்குப் போய்ப் பார்த்தார்கள், அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். ஒரே ஊரைத் தலைமுறைக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கும் இந்த வழி உலகத்தில் பல இடங்களில் கிடைக்காத செல்வம், அது நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

மும்பையிலும் உண்டு. 1918-ல் டாக்டர் அம்பேத்கர் இங்கே சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அதே வருடம் சிறு நிலங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலம் துண்டு துண்டாக இருப்பதால்தான் விவசாயம் கெட்டது, சேர்த்துவிட்டால் சரியாகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். சிறியது என்றால் எதற்குச் சிறியது என்று அவர் கேட்டார். ஏக்கரை மட்டும் வைத்து நிலத்தைச் சிறியது பெரியது என்று சொல்ல முடியாது, அதில் போட இருக்கும் மாடு, கருவி, ஆள் பலத்தோடு வைத்துத்தான் சொல்ல முடியும் என்றார். எங்கள் பகுதியில் அவர் படம் இல்லாத தெரு இல்லை. அவர் பொருளியல் எப்படிச் செய்தார் என்பதை ஒரு பாடமாகப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பொருளாதார எண் ஒன்றை அச்சிடும்போது, யாரைக் கேட்டார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று இரண்டே வரி சேர்த்துப் போடுங்கள், அதற்கு இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். மாணவர் பக்கத்தில் வரையறைப் பட்டியலுக்குப் பதில் வாரம் ஒரு பயிற்சி கொடுங்கள், அவரவர் தெருவில் எண்ணிப் பார்க்கக்கூடியதாக. திருநெல்வேலியில் எண்ணிய பிள்ளையும் தாராவியில் எண்ணிய பிள்ளையும் தங்கள் கணக்கை உங்களுக்கு அனுப்பட்டும், ஏன் வேறுபடுகிறது என்று அடுத்த வாரம் யாராவது ஒரு பேராசிரியரை எழுதச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் எங்கள் வகுப்பின் இட்லிக் கணக்கை, அதில் இருக்கும் தப்புகளோடு சேர்த்து, முதல் ஆளாக அனுப்பித் தருகிறேன்.

அப்புறம் அந்தப் பெண்கள் செய்தி. அடுத்த கணக்கெடுப்பு வரும்போது, வேலையில் இருக்கும் பெண்களில் சம்பளம் வாங்குபவர்கள் எத்தனை, தினக்கூலிகள் எத்தனை, சொந்தத் தொழில் செய்பவர்கள் எத்தனை, கூலி இல்லாமல் குடும்பத் தொழிலில் உழைப்பவர்கள் எத்தனை என்று பிரித்துப் போடுங்கள். அந்த அட்டவணை அரசின் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. வந்த அன்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் அந்த அக்காவிடம் படித்துக் காட்டுவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
தாராவி, மும்பை